உள்ளே ஏதென்ஸ், வெளியே நாங்கள்

மெல்பேர்னில் எங்கள் மல்கிரேவ் சமூக மண்டபத்தின் பின்பக்க அறைக்குப் புதன்கிழமைகளில் ஏதென்ஸ் என்று பெயர். யார் வைத்த பெயர் என்று தெரியாது. "நாளைக்கு ஏதென்ஸுக்கு வாறியளோ?" என்று கேட்டால் எங்கள் முதியோர் வட்டத்தில் எல்லோருக்கும் விளங்கும். போவதற்கு ஒரு கம்பளிச் சட்டை இருந்தால் போதும். அந்த அறையின் ஹீற்றர் பாதி நாட்களில் வேலை செய்வதில்லை.

ஏதென்ஸை அங்கே கொண்டுவந்தவர் ரீச்சர். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தவர். எங்கள் வட்டத்தில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் இதை முதலில் நம்பவில்லை. இலங்கையில் அப்படி ஒரு பாடம் உண்டு, அதை எடுத்துப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் போகலாம் என்று நான் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. ஓய்வு பெறும்வரை ரீச்சர் ஒரு கிரேக்கரை நேரில் கண்டதில்லை. மெல்பேர்னுக்கு மகனிடம் வந்தால் பக்கத்து வீட்டிலேயே ஒரு கிரேக்கக் குடும்பம். ஆவலோடு வேலியருகே போய் ஏதென்ஸைப் பற்றி விசாரித்திருக்கிறார். அந்த வீட்டுக்காரர், தான் ஏதென்ஸில் விமானம் மாறியதோடு சரி என்றாராம். அவர் ஏதோ ஒரு தீவில் பிறந்தவர்.

"எங்கட நெடுந்தீவார் மாதிரி. யாழ்ப்பாணத்தைக் கேட்டால் பஸ் ஸ்ராண்ட் மட்டும் தெரியும்" என்றார் ரீச்சர். ஆனால் அந்த மனிதர் வருடம் தவறாமல் ஒரு போத்தல் ஒலிவ் ஊறுகாய் கொடுப்பதையும் சொல்லாமல் விடவில்லை.

நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தவன். பேச்சாளர்கள் எங்கே அலட்டுகிறார்கள் என்று பார்ப்பது பழைய பழக்கம். ரீச்சர் அலட்டுவதில்லை. போர்களையும் தளபதிகளையும் அவர் தொடுவதே இல்லை. ஏதென்ஸில் ஒரு சாதாரண வீடு எப்படி இருந்தது, காலையில் யார் தண்ணீர் எடுக்கப் போனார்கள், சந்தைக்கு யார் போனார்கள், இவைதான் அவருடைய சங்கதிகள். வீட்டுச் சுவர் மண் கல்லால் கட்டியது, அதனால் அந்த ஊர்த் திருடன் கதவை உடைக்க மாட்டான், சுவரைத்தான் துளைப்பான், திருடனுக்கே சுவர் தோண்டி என்றுதான் பெயர் என்று ஒருநாள் சொன்னார்.

"கன்னம் வைக்கிறதுன்னு நம்ம ஊர்லயும் சொல்வாங்களே" என்றார் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர். அன்றைக்கு மீதி நேரம் முழுக்கக் கன்னக்கோலைப் பற்றிய பேச்சு. ரீச்சர் அதற்கும் இடம் கொடுத்தார்.

இன்னொரு நாள் சந்தை. ஏதென்ஸில் சாமான் வாங்கப் போவது ஆண்கள். வசதியான வீட்டுப் பெண்கள் வெளியே போவது குறைவு. உடுப்பில் பை இல்லாததால் சில்லறை வெள்ளிக் காசுகளை ஆண்கள் வாயில் அடக்கிக்கொண்டு போவார்கள்.

"அதுதான் மனுசியவை அவையைச் சந்தைக்கு அனுப்பியிருப்பினம்" என்றார் என் மனைவி. "போகேக்கையாவது வாயை மூடிக்கொண்டு போவினம்."

எங்கள் வட்டத்தின் டொக்டர் பக்கத்தில் இருந்தார். வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகும் எல்லோருடைய மருந்துச் சிட்டையையும் வாங்கிப் பார்ப்பவர். "இப்பவும் அதுதானே நடக்குது. நாங்கள்தான் ட்ரொலி தள்ளுறம்" என்றார்.

"தள்ளுறியள்தான். வாய் மூடினதாய்த் தெரியேல்லை."

இவ்வளவு கலகலப்பு இருந்தும் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். பேரப்பிள்ளை பிறந்து சிலர் போனார்கள், முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குச் சிலர் போனார்கள், குளிருக்குப் பயந்து சிலர் நின்றார்கள். முப்பது கதிரை போடக்கூடிய அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். இதை முதலில் கவனித்தவர் செயலாளர். சென்னைக்காரர். தொலைபேசித் துறையில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெற்றுக் கதிரை அவர் கண்ணில் பழுதான இணைப்பு மாதிரிப் படும். வகுப்பு முடிந்து கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ரீச்சரிடம் வந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வருஷம் இந்த டைமுக்கு சேர் யோகா போடலாம்னு கமிட்டில பேசிக்கிட்டிருக்கோம். ரூம் இவ்வளவு காலியா இருந்தா கவுன்சில்ல கேள்வி கேக்கறாங்க."

"கதிரையிலை இருந்துகொண்டு செய்யிற யோகாவோ?"

"ஆமா. முட்டிக்கு நல்லது."

"என்ட வகுப்பிலையும் கதிரையிலைதானே இருக்கினம்."

செயலாளர் சிரித்தார். ஆனால் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ரீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு புதன்கிழமை தாங்கோ. ஏதென்ஸ் விருந்து ஒண்டு வைக்கிறன். அறை நிரம்பினால் வகுப்பு இருக்கட்டும். நிரம்பாட்டில் நானே வந்து யோகாவுக்குக் கதிரை போட்டுத் தாறன்."

"நிரம்பணும்னா ஒரு சேர் கூட காலியா இருக்கக் கூடாது. சரிங்களா மேடம்?"

"ஓம்."

கமிட்டி அடுத்த வருட நிகழ்ச்சிகளை முடிவு செய்து நகரசபைக்கு அனுப்ப வேண்டிய புதன்கிழமையையே விருந்துக்கும் குறித்தார்கள். காலையில் விருந்து, பின்னேரம் முடிவு.

ரீச்சர் சிரித்தபடிதான் பேசினார் என்று காரில் நான் மனைவியிடம் சொன்னேன். "அவவை மற்ற நாளிலை கண்டிருக்கிறியளோ?" என்று மனைவி கேட்டார். கண்டிருக்கிறேன். பள்ளிக்கூட வாசலில், பேரப்பிள்ளைகளின் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, மகனின் பழைய ஜாக்கெட்டில் நிற்பார். புதன்கிழமை மட்டும்தான் சேலை. அதுவும் இஸ்திரி போட்டு, மடிப்பு மாறாமல்.

விருந்துக்கு ரீச்சர் போட்ட சட்டங்கள் கடுமையானவை. ஏதென்ஸில் இல்லாதது எதுவும் மண்டபத்துக்குள் வரக் கூடாது. தக்காளி இல்லை. உருளைக்கிழங்கு இல்லை. சோறு இல்லை. சீனி இல்லை, தேன் உண்டு. டொக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தவர், மிளகாய் என்றதும் நிமிர்ந்தார்.

"மிளகாயும் இல்லையோ?"

"மிளகாய் அமெரிக்காவிலை இருந்தது. ஏதென்ஸ்காரருக்கு அமெரிக்கா தெரியாது."

"எங்களுக்குத் தெரியுமே ரீச்சர்."

சாப்பிடும் முறையையும் விளக்கினார். ஏதென்ஸில் பார்லி அப்பமும் கோதுமைப் பாணும்தான் சாப்பாடு. மீன், பருப்பு, ஒலிவ், பாற்கட்டி எல்லாம் தொட்டுக்கொள்ள. தொடுகறியை அள்ளி விழுங்கிவிட்டுப் பாணை மிச்சம் விடுகிறவனை அந்த ஊரில் நல்லவனாக எண்ணுவதில்லை. அப்படிப்பட்டவனைச் சபையிலேயே பெயர் சொல்லிப் பழிப்பார்கள். இதைக் கேட்டதும் அறை உயிர் பெற்றது. கறியை மட்டும் தின்னாதே, சோற்றோடு தின் என்று திட்டு வாங்காதவர்கள் அங்கே ஒருவரும் இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முந்திய ஏதென்ஸ்காரரை அன்றைக்குத்தான் எல்லோரும் சொந்தக்காரராக ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஏதென்ஸில் வீட்டு விருந்து ஆண்களுக்கு மட்டும். கட்டிலில் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டு வலது கையால் சாப்பிடுவார்கள். டொக்டர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப பொம்பிளையளுக்கு இடமில்லை. படிப்பிச்சது நீங்கள்தான்."

"நல்லது. சமைக்கிறதும் நீங்களே செய்யுங்கோ" என்றார் என் மனைவி.

டொக்டர் கோரிக்கையை வாபஸ் வாங்கினார். ஆணும் பெண்ணும் எல்லோரும் சாய்ந்திருந்தே சாப்பிடலாம் என்று ரீச்சர் ஏதென்ஸைத் திருத்தினார். கட்டிலுக்குப் பதிலாக, செயலாளர் யோகாவுக்கென்று முற்கூட்டியே வாங்கி வைத்திருந்த பாய்கள். அவற்றை இரவல் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. தன் பாய்களில் தன் எதிர்க்கட்சி படுத்திருக்கப் போவது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

எங்கள் குசினியில் ஒத்திகை நடந்தது. பார்லி மாவில் மனைவி குழைத்த முதல் அப்பத்தை ரீச்சர் ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். "தேங்காய்ப்பூ போட்டிருக்கிறியள்." மனைவிக்கே அது தெரியாது. கை தானாகப் போட்டிருக்கிறது. சாய்ந்து சாப்பிடும் ஒத்திகை என் தலையில் விழுந்தது. முழங்கையை ஊன்றிப் படுத்து, அப்பத்தில் கொஞ்சம் பருப்பைத் தொட்டுச் சாப்பிட்டேன். சாப்பிடுவது கடினமில்லை. எழும்புவதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது. ஏதென்ஸில் அதற்கு அடிமைகள் இருந்தார்கள் என்றார் ரீச்சர். மல்கிரேவில் மனைவி இருந்தார். "இதுக்குத்தானே என்னைக் கட்டினவர்" என்று சொல்லித்தான் தூக்கி விட்டார்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. விருந்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை செயலாளரின் மனைவி தொலைபேசியில் வந்தார். கூட்டங்களில் கணவனுக்குப் பின்வரிசையில் அமர்ந்து, கேட்டால் மட்டும் பேசுகிறவர். என் மனைவி சமைத்துக்கொண்டிருந்ததால் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார்.

"அக்கா, புதன்கிழமை சஷ்டி ரெண்டாம் நாளாச்சே. நான் ஆறு நாளும் விரதம். பாலும் பழமும்தான். மீனெல்லாம் இருக்கற எடத்துக்கு எப்படி வர்றது?"

மனைவி அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவரும் வருடம் தவறாமல் கந்தசஷ்டி பிடிப்பவர். செவ்வாய்க்கிழமை விரதம் தொடங்குகிறது என்று பூவும் பழமும் கூட வாங்கி வைத்திருந்தார். புதன்கிழமை மீன் விருந்து என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. வட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சஷ்டி வீட்டு நாட்காட்டியில் இருந்தது, விருந்து ஏதென்ஸில் இருந்தது.

அன்று பின்னேரமே ரீச்சரின் வீட்டுக்குப் போனோம். செய்தி அவருக்கு எங்களுக்கு முன்பே போயிருந்தது. வருவதாகச் சொன்ன பெண்கள் ஏறக்குறைய எல்லோருமே விரதகாரர். ஆண்களை மட்டும் வைத்து விருந்து செய்தால் அறையில் கால்வாசியும் நிரம்பாது. செயலாளரும் எனக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். "சார், எனக்கே சங்கடமா இருக்கு. நான் வேணும்னு அந்தத் தேதியைச் சொல்லல" என்றார். அவர் சொன்னது உண்மை.

ரீச்சர் மேசையருகே இருந்தபடி ஒலிவ் போத்தலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மகனும் மருமகளும் வேலைக்கான உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏதென்ஸ்காரரின்ர கலண்டர் முழுக்கப் பாத்தன். எந்த மாதத்திலை என்ன திருவிழா எண்டு எல்லாம் பாத்தன். எங்கட கலண்டரைப் பாக்கேல்லை."

"நாங்களும்தான் பாக்கேல்லை" என்றார் மனைவி.

"யோகா நல்லதுதான். எனக்கும் முழங்கால் நோ இருக்குது" என்றார் ரீச்சர். அதைச் சொல்லிவிட்டு மூடியை இறுக்கி மூடினார். பிறகு கை அப்படியே நின்றது. "இது ஐப்பசி" என்றார்.

ஓம், ஐப்பசிதான் என்றோம்.

"ஏதென்ஸிலையும் ஐப்பசி வாக்கிலை, விதைப்புக்கு முன்னம், பொம்பிளையள் விரதம் பிடிக்கிறவை."

முதலில் மெதுவாகவும் பிறகு வகுப்பில் பேசுகிற வேகத்திலும் சொன்னார். தானியத்தின் தெய்வம் தன் மகளைப் பாதாளத்துக்குப் பறிகொடுத்துவிட்டுத் துக்கம் காத்தாள். அதை நினைத்து ஏதென்ஸ் பெண்கள் வருடத்தில் மூன்று நாள் வீட்டைவிட்டுப் போய், சபை கூடும் குன்றுக்கருகில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். அந்தத் திருவிழாவுக்குத் தெஸ்மோபோரியா என்று பெயர். செலவு கணவனுடையது, ஆனால் அவன் அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. சபையில் வாக்கில்லாத பெண்கள் அந்தத் திருவிழாவுக்குத் தங்கள் தலைவிகளைத் தாங்களே தெரிவு செய்வார்கள். இரண்டாம் நாள் முழு விரதம். எல்லோரும் நிலத்தில் இருப்பார்கள்.

"இரண்டாம் நாளோ?" என்றார் மனைவி.

"இரண்டாம் நாள். புதன்கிழமை எங்களுக்கும் இரண்டாம் நாள்."

இன்னொன்றும் இருக்கிறது என்று ரீச்சர் மருமகள் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். துக்கத்தில் இருந்த அந்தத் தெய்வத்தை ஒரு வேலைக்காரி கூடாத பகிடி சொல்லிச் சிரிக்க வைத்தாளாம். அதனால் அந்தத் திருவிழாவில் பெண்கள் ஒருவருக்கொருவர் கூடாத பகிடிகள் சொல்வது வழக்கம்.

"கூடாத பகிடி எண்டால்?"

"படுகூடாதது."

"அதுக்குச் சட்டம் விட்டதோ?"

"சட்டம் என்ன, சமயமே சொன்னது."

மனைவி கைத்தொலைபேசியை எடுத்தார். விருந்து விரத விழாவாக மாறிய செய்தியை விரதகாரருக்கு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். நாங்கள் வீடு திரும்புவதற்குள் அது மூன்று முறை சூடாகிவிட்டது.

புதன்கிழமை வசந்த காலத்து வெயிலும் காற்றும் மாறி மாறி வந்தன. ஏதென்ஸில் விதைப்புக் காலம், இங்கே பூக்கிற காலம். ஆண்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. பால் கலன்களையும் பழத்தட்டுகளையும் காரிலிருந்து இறக்க வேண்டும். அறையிலிருந்த கதிரைகளை எல்லாம் கதவுக்கு வெளியே, மண்டபத்தின் உள் நடைபாதைக்குக் கொண்டுவந்து அடுக்க வேண்டும். பாய்களை விரிக்க வேண்டும். அதன் பிறகு வெளியே போக வேண்டும். டன்டினோங் சந்தையில் முற்பணம் கொடுத்துச் சொல்லி வைத்த மீனைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதை மண்டபத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் இருக்கும் பொது மின்சார அடுப்பில் நாங்களே சுட்டுச் சாப்பிடலாம் என்று அனுமதி கிடைத்தது.

பெண்கள் வரத் தொடங்கினார்கள். வகுப்புக்கு வழக்கமாக வருகிறவர்கள், குளிருக்கு நின்றவர்கள், முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோலோடு வந்தவர்கள். சிட்னியில் கெல்லிவில்லிலிருந்து மகளைப் பார்க்க வந்த ஓர் அம்மாவும் அந்த மகளோடு வந்திருந்தார். ஒரு பெண் வீட்டிலிருந்து பெரிய டப்பா நிறைய மாதுளை உரித்துக்கொண்டு வந்தார். ரீச்சர் வாசலிலேயே அதை வாங்கி டொக்டரின் கையில் கொடுத்தார். அந்தத் திருவிழாவில் பெண்கள் மாதுளை முத்துச் சாப்பிடக் கூடாதாம். பாதாளத்துக்குப் போன மகள் மாதுளை தின்றுதான் திரும்பி வர முடியாமல் அகப்பட்டவள்.

"நாங்கள் அகப்பட்டாப் பரவாயில்லையோ?" என்று கேட்டார் டொக்டர்.

"நீங்கள் முந்தியே அகப்பட்டாச்சு" என்று உள்ளே இருந்து யாரோ சொன்னார்கள். கதவு மூடியது.

பூங்காவில் நாங்கள் நாலைந்து பேர். மீனுக்கு ஒலிவ் எண்ணெயும் உப்பும் பூசி அடுப்பில் வைத்தோம். ஏதென்ஸ் முறைப்படி அவ்வளவுதான். மீன் பாதி வெந்ததும் டொக்டர் ஜாக்கெட் பையிலிருந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்தார். அதற்குள் மிளகாய்த்தூள்.

"ரீச்சர் மண்டபத்துக்குள்ளதானே தடை போட்டவ" என்றார்.

செயலாளர் கொஞ்சம் தள்ளி நின்றார். வீட்டில் விரதம், தனக்கும் வெங்காயம் கூட இல்லாத சாப்பாடு, மீன் தொட்டால் மனைவிக்குத் தெரிந்துவிடும் என்றார். மீன் பொரியும் மணம் அவர் பக்கம் போனது. "ஒரே ஒரு பீஸ் சார்" என்றார். சாப்பிட்டது ஒரு துண்டு அல்ல. பாணைத் தொடாமல் மீனை மட்டும் சாப்பிட்டார். ஏதென்ஸில் இருந்திருந்தால் அவருடைய பெயர் கெட்டிருக்கும். எங்கள் காலடியில் ஒரு மக்பை பறவை, வாடகை வாங்க வந்தவர் மாதிரி நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் சிரிப்புக் கேட்டது. பூங்காவுக்கும் மண்டபத்துக்கும் இடையே கார்த் தரிப்பிடம் இருக்கிறது. அதைத் தாண்டி வந்தது. முதலில் ஓர் அலை, அடங்கியது. ஒரு தனிக் குரல் ஏதோ சொன்னது போலிருந்தது. பிறகு அறை முழுவதும் வெடித்தது.

"விரதம் இருக்கறவங்க சிரிக்கிற சிரிப்பா இது?" என்றார் செயலாளர்.

மாதுளையைச் சாப்பிட்டுக்கொண்டே நடைபாதைக்குத் திரும்பினோம். அங்கே நான் கண்டவற்றைக் கண்டபடி எழுதுகிறேன். மூடிய கதவு. அடுக்கிய கதிரைகள். கதவின் கண்ணாடியில் உள்ளே இருந்து ஒரு சேலை தொங்கவிடப்பட்டிருந்தது. சிரிப்பு. யாரோ "ஐயோ, என்னாலை ஏலாது" என்று மூச்சு வாங்குவது. பிறகு தமிழ்நாட்டுப் பேச்சில் மெல்லிய குரல் ஒன்று. சொற்கள் பிடிபடவில்லை. அந்தக் குரல் நின்றதும் மறுபடியும் சிரிப்பு. செயலாளரின் முகம் மாறியது. "அது என் வொய்ஃப் குரல் மாதிரி இருக்கு" என்றார். டொக்டர் டப்பாவிலிருந்து இன்னொரு பிடி மாதுளை அள்ளினார்.

அவருக்கு ஒரு நியாயமான காரணமும் இருந்தது. அறை நிரம்பியதா என்று அவர் பார்க்க வேண்டும். பின்னேரம் கமிட்டிக்குச் சொல்ல வேண்டும். கதவைத் தட்டினார். ரீச்சரின் தலை மட்டும் வெளியே வந்தது. கண்கள் நனைந்திருந்தன. பொட்டு ஒரு பக்கம் கலைந்திருந்தது.

"மேடம், ரூம் நிரம்பிச்சான்னு ஒரு நிமிஷம் பாக்கணும்."

"இண்டைக்கு ஏதென்ஸிலை நீதிமன்றமே பூட்டு, ஐயா. சபையும் கூடாது. ஆம்பிளையள் உள்ள வரேலாது."

"சேர் காலியா இருக்கான்னு பாத்துட்டுப் போயிடறேன்."

"கதிரையள் எல்லாம் உங்களிட்டைத்தானே இருக்குது."

அது உண்மை. எல்லாக் கதிரைகளும் நடைபாதையில் இருந்தன, எல்லாம் காலி. போட்ட நிபந்தனையை நினைத்துச் செயலாளர் ஒரு கணம் தடுமாறினார்.

"அப்ப நான் எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

ரீச்சர் கீழே கையைக் காட்டினார். "செருப்பைப் பாருங்கோ." கதவு மறுபடியும் மூடியது.

அதுவரை நாங்கள் யாரும் கீழே பார்க்கவில்லை. செருப்புகள் வாசலில் தொடங்கி, சுவரோரமாக நடைபாதை நெடுக, கழிப்பறை வாசலைத் தாண்டி, தீயணைப்புக் கருவி வரை போயிருந்தன. நடைக்குப் போகும் சப்பாத்துகள், கம்பளி வைத்த வீட்டுச் செருப்புகள், கோயிலுக்குப் போடும் மெல்லிய செருப்புகள். இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஊன்றுகோல் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. செயலாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த வரிசையின் கடைசிவரை நடந்து போனார். திரும்பி வந்தார். தன் மனைவியின் செருப்பை அடையாளம் கண்டு, அருகே புரண்டு கிடந்த அதன் சோடியை எடுத்து நேராக வைத்தார்.

"நிரம்பிடுச்சு சார்" என்றார் என்னிடம்.

பெண்கள் வெளியே வந்தபோது ஒவ்வொருவரும் சுவரையோ அடுத்தவரையோ பிடித்துக்கொண்டு வந்தார்கள். என் மனைவி இடுப்பில் கை வைத்திருந்தார். செயலாளரின் மனைவி கடைசியாக வந்தார். வழக்கம்போல் அமைதியாகத்தான் இருந்தார். ஆனால் கடந்து போன பெண்கள் ஒவ்வொருவரும் அவருடைய தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். கெல்லிவில் அம்மா அவருடைய கையைப் பிடித்து, "சிட்னிக்கு வந்தா கட்டாயம் எங்க வீட்டுக்கு வரணும்" என்றார்.

"உள்ள அப்படி என்ன சொன்ன?" என்று செயலாளர் கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க. சாமி விஷயம்."

"சாமி விஷயத்துக்கா இப்படிச் சிரிச்சாங்க?"

அவர் கணவனுக்கு அருகே ஓர் அடி வந்து, மூக்கை லேசாகச் சுருக்கினார். "மீன் வாசம் வருதே."

செயலாளர் ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னு நான் கேக்கல. நாங்க என்ன பேசினோம்னு நீங்களும் கேக்காதீங்க. கார்ச் சாவி எங்க?"

என் நிலைமையும் வேறாக இல்லை. நாற்பது வருடம் செய்தி கேட்டு வாங்கிப் பழகியவன். காரை ஓட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் நேராகக் கேட்டேன். சுற்றி வளைத்தும் கேட்டேன். "ஒண்டுமில்லை" என்றார் மனைவி. அடுத்த சிவப்பு விளக்கில் எதையோ நினைத்துச் சிரிக்கத் தொடங்கினார். விளக்குப் பச்சையாகி, பின்னால் வந்தவர் ஹோர்ன் அடிக்கும்வரை நிறுத்தவில்லை.

கமிட்டி அன்று பின்னேரம் சேர் யோகாவை வியாழக்கிழமைக்கு மாற்றியது. செயலாளரே முன்மொழிந்தார் என்று கேள்வி. வட்டத்தின் செய்தி மடலைத் தயாரிப்பவன் நான்தான். அந்த மாதம் இவ்வளவுதான் எழுத முடிந்தது: புதன் வகுப்பில் ஏதென்ஸ் பெண்களின் விரத விழா நினைவு கூரப்பட்டது, அறை நிரம்பியிருந்தது, வகுப்பு அடுத்த வருடமும் தொடரும். மனைவி மெய்ப்புப் பார்த்தார். "சரியா இருக்குது" என்றார், உதட்டைக் கடித்துக்கொண்டு.

அடுத்த புதன்கிழமை வகுப்புக்கு நேரத்தோடுதான் போனேன். ஆனால் எனக்கு முன்பே ஆண்கள் வந்து முன்வரிசை முழுவதையும் பிடித்திருந்தார்கள். ஏதென்ஸ் பக்கம் ஒருபோதும் தலை காட்டாதவர்கள்கூட இருந்தார்கள். செயலாளர் நடுவில் இருந்தார். பெண்கள் பின்வரிசைகளில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரீச்சர் இஸ்திரி மடிப்புக் கலையாத சேலையில் வந்து நின்றார். தொடங்குவதற்கு முன்பே டொக்டர் கையை உயர்த்தினார்.

"ரீச்சர், போன கிழமை வராத ஆக்களுக்காகக் கேக்கிறன். அந்தத் திருவிழாவிலை ஏதென்ஸ் பொம்பிளையள் அப்படி என்ன பகிடி சொன்னவை?"

"எனக்குத் தெரியாது."

"முப்பது வருஷம் படிப்பிச்சனீங்கள்."

"ஓம். முப்பது வருஷமும் எனக்குத் தெரியாது. ஏதென்ஸைப் பற்றி எழுதி வைச்சவை முழுக்க ஆம்பிளையள். அவையும் உங்களைப் போலை கதவுக்கு வெளியிலை நிண்டவைதானே."

பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரிப்பை அடக்கினார்கள். அது செயலாளரின் மனைவி என்று நான் நினைக்கிறேன், ஆனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். கதிரை கிடைக்காததால் நான் நின்றுகொண்டிருந்தேன், அந்த இடத்திலிருந்து அவருடைய முகம் தெரியவில்லை. நின்றது கதவோரத்தில்தான். இம்முறை உள்ளே.